அண்ணன் தம்பி யுத்தத்தில் ஓர் அம்பு

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பட்டிமன்றம் என்று பந்தல் போட்டால், கர்ணனுக்கு அடுத்தபடியாக அதிகம் இழுபடுகிறவன் வாலிதான். 'வாலி வதம் முறையா, முறையில்லையா?' என்று தலைப்பை எழுதி, இரண்டு பக்கமும் மும்மூன்று புலவர்களை உட்கார வைத்துவிட்டால் போதும். ஷிப்டு முடிந்து வருகிறவர்கூடச் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்று கேட்பார். மறைந்து நின்று அம்பு விட்டது வீரமா? குரங்கை வேடன் மறைந்து எய்வதில் என்ன குற்றம்? எதிரே நின்றால் எதிரியின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்ற வரத்துக்கு ராமன் என்னதான் செய்வான்? இப்படி வாதம் வளரும். நடுவர் இரு தரப்பும் மனம் நோகாமல் ஒரு தீர்ப்புச் சொல்வார். கேட்டவர்கள் திருப்தியோடு வீடு திரும்புவார்கள்.

இந்த வாதங்கள் எல்லாம் அம்பு எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது என்பதைப் பற்றியவை. அந்த அம்பு வரத்தான் வேண்டுமா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. கிஷ்கிந்தையில் நடந்தது ஓர் உள்நாட்டு யுத்தம். சண்டை போட்டவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ராமன் அந்த நாட்டுக்காரன் அல்ல, வழிப்போக்கன், ஆனால் இரண்டு பேரையும்விடப் பெரிய வில் வைத்திருக்கிறவன். வலிமையுள்ளவன் பிறர் வீட்டு யுத்தத்தில் நுழையலாமா என்ற கேள்விதான் அந்தப் படலத்தின் முதுகெலும்பு. கம்பன் இதைத் தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே, கேள்வியைத் தெளிவாகக் கேட்க ஒரு பாத்திரத்தையும் படைத்தான்.

சுக்கிரீவன் வந்து போருக்கு அழைக்கிறான். வாலி எழுகிறான். தாரை தடுக்கிறாள்: தோற்று ஓடியவன் திரும்பி வந்து அழைக்கிறான் என்றால் அவனுக்குப் பின்னால் யாரோ ஒரு பெரியவன் இருக்க வேண்டும், ராமன் என்று ஒருவன் துணைக்கு வந்திருப்பதாகக் கேள்வி, என்கிறாள். வாலிக்குக் கோபம் வருகிறது. தன் உயிரைப் பற்றிய கோபம் அல்ல. ராமனைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டாளே என்ற கோபம். தம்பிக்கு நாட்டைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்கு வந்தவன் அவன். தம்பிமாரை உயிராக நினைக்கிறவன். அப்படிப்பட்டவன் நானும் என் தம்பியும் மோதுகிற சண்டைக்கு நடுவே அம்பு தொடுப்பானா என்று கேட்கிறான். 'அடுத்த நாட்டின் உள் விவகாரத்தில் தலையிடாமை' என்று இன்றைக்கு ராஜதந்திரிகள் நாலு பக்கம் எழுதுகிற கொள்கை, ஓர் அண்ணன் வாயில் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது.

அடுத்து நடப்பதைப் பாருங்கள். யுத்தம் தொடங்கியதும் ராமனால் அம்பு விட முடியவில்லை. அண்ணன் யார், தம்பி யார் என்று அடையாளம் தெரியவில்லை. அடிபட்டுத் திரும்பி வந்த சுக்கிரீவனை, கொடிப்பூ மாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுபடி போ என்று அனுப்ப வேண்டியிருக்கிறது. எவ்வளவு பெரிய வில்லாளியானாலும் வெளியிலிருந்து வந்தவனுக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

இந்த இடத்தில்தான், வடசென்னைக்காரனான எனக்குக் கிஷ்கிந்தை மறைந்து யாழ்ப்பாணம் தெரிகிறது.

விஷயம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. 1987 ஜூன் 4-ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29-ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப் படை இறங்கியது. யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். 72 மணி நேரத்துக்குள் ஆயுத ஒப்படைப்பு என்றது ஒப்பந்தம். செப்டம்பர் 26-ஆம் தேதி, உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தான். அக்டோபர் 5-ஆம் தேதி, இலங்கைக் காவலில் இருந்த புலிகளில் பன்னிரண்டு பேர் சயனைடு தின்று மாண்டார்கள். 10-ஆம் தேதி, காக்க வந்த படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் படையாக மாறியது. மாலைக்கும் பீரங்கிக்கும் இடையே எண்பது நாள்கூட இல்லை.

அடையாளம் தெரியாத கதை இங்கேயும் நடந்தது. லுங்கி கட்டிய பையன் புலியா, பால் வாங்கப் போகிறவனா? சீக்கியச் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? யாழ்ப்பாணப் பல்கலைக் கழக மைதானத்தில் இரவில் இறக்கிவிடப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள். பத்தே நாளில், தீபாவளியன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபதிலிருந்து எழுபது பேர் வரை செத்தார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. உயிர் பிழைத்த ஊழியர்கள் சொன்ன கதை வேறு. இங்கே யாருக்கும் கொடிப்பூ மாலை போட்டு அனுப்ப ஆளில்லை.

எங்கள் தெருவில் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இந்தச் சமாசாரத்தைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. "எம்மாம் பெரிய கப்பலா இருந்தாலும் பைலட் ஏறாம உள்ள வராது தம்பி. கேப்டன் உலகத்தையே சுத்தி வந்தவனா இருப்பான். வெளியில நங்கூரம் போட்டுட்டு நின்னுதான் ஆவணும். இங்க எங்க மணல் சேந்திருக்குன்னு இங்க இருக்கறவனுக்குத்தானே தெரியும்?" என்றார். ராஜதந்திர நூல்கள் எதுவும் அவர் படித்ததில்லை. ஆனால் 1987-ல் டில்லி செய்த தவறு என்ன என்று கேட்டால் நான் இந்தப் பதிலைத்தான் சொல்வேன். மிகப் பெரிய கப்பல் ஒன்று, பைலட்டை ஏற்றிக்கொள்ளாமல், இருட்டில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தது.

உவமையை இழுத்துக்கொண்டே போனால் அறுந்துவிடும். ஆகையால் வித்தியாசங்களையும் சொல்லிவிடுகிறேன். ராமனை அழைத்தவன் சுக்கிரீவன். அவன் அழைத்தான், அவனுக்காகவே அம்பு போயிற்று. இந்தியாவை அழைத்தது யார்? கையெழுத்துப் போட்டவர் ஜெயவர்த்தனா. மாலை போட்டவர்கள் தமிழர்கள். ஆயுதம் வைத்திருந்தவர்களோ மனமில்லாமல் தலையசைத்தவர்கள். மூன்று பேரும் மூன்று விதமான இந்தியாவை எதிர்பார்த்தார்கள். தெற்கே தன் படைகளை ஜே.வி.பி.யின் கலகத்துக்கு எதிராகத் திருப்ப ஜெயவர்த்தனாவுக்கு அவகாசம் வேண்டியிருந்தது. தமிழருக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது. புலிகளுக்குத் தங்களைத் தவிர வேறு ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. மத்தியஸ்தனாக வந்தவன் கட்சிக்காரனாகிப் போனான். அதுவும் யாருக்காக வந்தானோ அவர்கள் ஊரிலேயே.

சுயநலம் என்ற ஒற்றுமையை மட்டும் மறைக்கக் கூடாது. ராமன் தருமத்துக்காக மட்டும் அம்பு விடவில்லை; சீதையைத் தேட அவனுக்குச் சேனை வேண்டியிருந்தது. அது உதவிக்கு உதவி என்ற உடன்படிக்கை. கொழும்பு ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் இதே விஷயம்தான். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமான ராணுவ உபயோகத்துக்கு எந்த நாட்டுக்கும் கொடுப்பதில்லை. அங்கே உள்ள எண்ணெய்க் கிடங்குகளைச் செப்பனிடுவதில் இந்தியாவுக்குப் பங்கு. அந்நிய ஒலிபரப்பு நிலையங்களைப் பற்றி மறுபரிசீலனை. துறைமுகத்தின் அருமை துறைமுகத்துக்காரர்களுக்குத் தெரியும். அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. சுயநலமே இல்லாமல் எந்த நாடும் சிப்பாயைக் கப்பலேற்றியதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிழவி தன் பேரனுக்காக வந்த படை என்று நினைத்து மாலை போட்டாள். அந்தப் படையின் சட்டைப்பையில் திருகோணமலைக் கடிதம் இருந்தது. அவளுக்கு அதை யாரும் படித்துக் காட்டவில்லை.

இனி இலக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பனுடைய பெருமை ராமனை நியாயப்படுத்தியதில் இல்லை. அம்பு தைத்த பிறகு கதையை நிறுத்தி, செத்துக்கொண்டிருக்கிறவனுக்கு நீதிமன்றம் கொடுத்தானே, அங்கேதான் இருக்கிறது. வாலி அம்பைப் பற்றி இழுத்து, அதில் எழுதியிருந்த பெயரைப் படிக்கிறான். எய்தவன் நேரே வந்து நிற்கிறான். வாலி அவனை விட்டுக் கேள்வியாகக் கேட்கிறான். பதில் வந்தால் அந்தப் பதிலையும் கேட்கிறான். ஒரு கேள்விக்கு ராமனால் பதில் சொல்ல முடியாமல் லட்சுமணன் முன்வந்து சொல்கிறான். காவியத் தலைவன் பதில் இல்லாமல் நிற்கிற இடத்தை மறைக்காத புலவன் கம்பன். ராமபக்தனாகிய அவனுக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்!

1987 பற்றி நம்மிடம் இருக்கும் புத்தகங்களை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறேன். கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் 1998-ல் தம் அநுபவங்களைப் புத்தகமாக எழுதினார். படைக்குத் தலைமை தாங்கிச் சென்ற மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007-ல் தம்முடையதை எழுதினார். பேச்சு வார்த்தைக்கு வருகிற பிரபாகரனைக் கைது செய்யவோ சுடவோ தூதர் சொன்னதாகவும், வெள்ளைக் கொடியின் கீழ் வருகிறவனை ராணுவத்தான் சுடமாட்டான் என்று தாம் மறுத்துவிட்டதாகவும் ஜெனரல் சொல்கிறார். அப்போது தீட்சித் உயிரோடு இல்லை. தூதர் ராணுவத்தையும், ராணுவத்தார் தூதரையும், இருவரும் உளவுத் துறையையும் குறை சொல்கிறார்கள். படிக்கச் சுவாரசியமான புத்தகங்கள்தான். ஆனால் இவையெல்லாம் எய்தவர்களுக்குள்ளே நடக்கிற விவாதம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் செத்தவன் அங்கே ஒரு எண். அல்லது அதுவும் இல்லை.

வாலியின் குரல் வேறொரு புத்தகத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக் கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' அது. படை அந்த ஊரில் இருந்தபோதே, அதன் துப்பாக்கிக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதப்பட்டது. இந்திய ராணுவம் செய்ததை வீடு வீடாகச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. புலிகள் செய்ததையும், மற்ற இயக்கங்கள் செய்ததையும், வாய் மூடி இருந்த தங்கள் சொந்தச் சமூகத்தையும் அதே குரலில் கேட்கிறது. எழுதியவர்களில் ஒருவரான ரஜனி திராணகம, உடற்கூற்றியல் பேராசிரியை. 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது புலிகள் என்றே அவரோடு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் குறைவு, காரணம் எளிது. இதில் நாம் கைதட்ட ஒரு கட்சி கிடைப்பதில்லை.

'சரி, உன் கட்சி என்ன? தலையிடவே கூடாது என்பதுதானே?' என்று வாசகர் கேட்கலாம். இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்தால் நல்லதுதான்.

வாலியின் கொள்கையை மறுபடியும் பாருங்கள். அண்ணன் தம்பி சண்டையில் அந்நியன் வரக் கூடாது என்கிறவன் யார்? ஜெயித்துக்கொண்டிருக்கிற அண்ணன். தம்பியை நாட்டைவிட்டு அடித்துத் துரத்தியவன். தம்பி மனைவி உருமையைத் தன் அரண்மனையில் வைத்துக்கொண்டிருப்பவன். 'எங்கள் வீட்டு விவகாரம்' என்ற வார்த்தை எப்போதும் பலசாலியின் வாயிலிருந்துதான் வரும். மலைமேல் ஒளிந்திருக்கிற சுக்கிரீவன் அதைச் சொல்லமாட்டான். உருமையை யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

1971-ல் பாகிஸ்தானும் இதைத்தான் சொன்னது. கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த பிறகும், அது பாகிஸ்தானின் உள் விவகாரம் என்றே பெரிய நாடுகள் பலவும் பேசின. டிசம்பர் 3-ல் தொடங்கிய யுத்தம் 16-ல் டாக்காவில் முடிந்தது. 93,000 பேர் சிறைப்பட்டார்கள். 1972 மார்ச்சிலேயே இந்தியப் படை பங்களாதேஷை விட்டு வெளியேறியது. தலையிட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். தேர்தலில் ஜெயித்து நின்ற ஒரு ஜனத் தலைமை அங்கே அழைத்தது. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் மயக்கம் இல்லை. வேலை முடிந்ததும் வீடு திரும்பத் தெரிந்திருந்தது. 1987-ல் இந்த மூன்றும் இல்லை.

ஸ்பெயினில் 1936-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, ஐரோப்பிய நாடுகள் 'தலையிடாமை' என்று ஓர் உடன்படிக்கையே செய்துகொண்டன. ஜெர்மனியும் இத்தாலியும் அதில் சேர்ந்துகொண்டே விமானங்களை அனுப்பின. 1937-ல் குவெர்னிகா நகரம் எரிந்தது. நல்லவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் குண்டு போட்டார்கள். இலங்கையிலேயே 2009-ல் முல்லைத்தீவுக் கடற்கரையில் யுத்தம் முடிந்தபோது, நடுவே நுழைந்து தடுக்க எவரும் இல்லை. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுஜனங்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. அமைத்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது. தலையிட்டதற்கு 1987 ஒரு கணக்கு என்றால், தலையிடாததற்கு இது ஒரு கணக்கு. இரண்டு பேரேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவன் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மிக மோசமான தலையீடு ஒன்று உண்டு. அது பெயர் எழுதாத அம்பு. 1983-க்குப் பிறகு இந்திய மண்ணிலேயே ஈழப் போராளி இயக்கங்களுக்கு ரகசியமாக ஆயுதமும் பயிற்சியும் தரப்பட்டன. வெளியே கேட்டால் இல்லை என்றார்கள். அதே துப்பாக்கிகள் பின்னால் இந்தியச் சிப்பாய்களை நோக்கித் திரும்பின. 1989-ல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா, இந்தியப் படையை விரட்டுவதற்காகப் புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். அவரையே 1993-ல் ஒரு மே தினத்தன்று குண்டு கொன்றது. ராமன் மறைந்து நின்றான் என்று குற்றம் சொல்கிறோம். ஆனால் அம்பில் தன் பெயரை வெட்டியிருந்தான், வாலி கூப்பிட்டதும் எதிரே வந்து நின்றான். இன்றைய வல்லரசுகள் உலகெங்கும் செய்கிற காரியத்தில் அந்த மரியாதைகூட இல்லை.

ஆகவே நான் சொல்வது இது. பலவானான நாடு பிறர் யுத்தத்தில் நுழைவது சில சமயம் கடமையாகும். ஆனால் நுழைகிறவன், யார் அழைத்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். தன் லாபம் என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. உள்ளூர்ப் பைலட்டை ஏற்றிக்கொள்ள வேண்டும். எப்போது போவேன் என்பதையும் வரும்போதே தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக, அடிபட்டவன் கேட்கிற கேள்விக்கு எதிரே நின்று பதில் சொல்ல வேண்டும். கடைசி நிபந்தனையை ஏற்காதவன் முதல் நான்கையும் மீறத்தான் போகிறான்.

நமக்கும் இதில் ஒரு பாகம் உண்டு. 1983-ல் 'ராணுவத்தை அனுப்பு' என்று தமிழ்நாட்டுத் தெருக்களில் குரல் கொடுத்தது நாம். 1990 மார்ச் 24-ஆம் தேதி கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை; தமிழரைக் கொன்ற படை என்றார். பெரும்பாலோர் அவரோடு உடன்பட்டோம். 2009-ல் மறுபடியும் 'தலையிடு' என்றோம். இந்த மூன்று குரலிலும் வலி உண்மையானது. ஆனால் ராயபுரத்துக்கும் கூப்பிடு தூரத்தில் உள்ள அந்தத் துறைமுகத்தில் இறங்கியவர்கள் யார்? ஏறக்குறைய 1,200 தோழர்களைப் பறிகொடுத்துவிட்டு வந்த கூலிக்கார வீட்டுப் பிள்ளைகள். அதில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. மார்பில் குண்டு பாய்ந்தபின்பும் போரிட்டு மாண்டு பரம வீர சக்கரம் பெற்ற மேஜரின் பெயர் பரமேஸ்வரன். அம்பைக் கோபிக்கலாம், வில்லைப் பிடித்த கையைக் கேள்வி கேட்காமல் அம்பை மட்டும் கோபிப்பது நியாயமாகாது. அந்த வில்லை எடு எடு என்று முதலில் கூவியவர்கள் கூட்டத்தில் நாமும் இருந்தோம்.

வாலி சாகும்போது ஒரு வரம் கேட்கிறான். என் தம்பி கள்ளைக் குடித்து மதி கெட்டு ஏதாவது தவறு செய்தால், என்மேல் விட்ட அம்பை அவன்மேலும் விட்டுவிடாதே என்கிறான். அண்ணன் சொன்னது பிசகவில்லை. மழைக்காலம் முடிந்தும் வாக்கை மறந்து சுக்கிரீவன் குடித்துக் கிடக்கிறான். லட்சுமணன் வில்லோடு கோபமாக வருகிறான். அம்பு விட்டு உட்கார வைத்த அரசனை அம்பாலேயே ஆள வேண்டியிருக்கிறது என்ற சங்கடத்தைக் கம்பன் அங்கே காட்டிவிடுகிறான். 1988 நவம்பர்த் தேர்தலுக்குப் பிறகு இந்தியப் படையின் நிழலில் அமைந்த வடகிழக்கு மாகாண அரசும், கட்டாயமாக ஆள் பிடித்துச் சேனை திரட்டி, படை கிளம்பும் முன்பே தானும் கிளம்பிப் போயிற்று.

தன்னைக் கொன்ற சண்டை முடிந்த அந்த நிமிஷத்தில், தம்பியின் வருங்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டவன் அண்ணன் ஒருவன்தான். வெளியிலிருந்து வருகிறவன் எத்தனை உத்தமனாக இருந்தாலும், ஒருநாள் ஊருக்குப் போய்விடுவான். சண்டை போட்ட இருவரும்தான் அந்த மண்ணில் இருந்தாக வேண்டும்.